இயற்கையைச் சாட்சிக்கு அழைத்தவர்கள்

கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில் ‘இயற்கை எய்தினார்’ என்று எழுதுகிறோம். கடையில் ‘இயற்கை முறையில் விளைந்தது’ என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு அரிசி வாங்குகிறோம். பிள்ளை பெற்றவள் வேலைக்குப் போக நினைத்தால், ‘தாய்மைதானே பெண்ணுக்கு இயற்கை’ என்று யாராவது நினைவூட்டுகிறார்கள். மூன்று இடத்திலும் சொல் ஒன்றுதான், ஆனால் பொருள் ஒன்றல்ல. முதல் இரண்டையும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். மூன்றாவது வாக்கியம் ஒரு தீர்ப்பு. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது என்ற தொனியோடுதான் அது சொல்லப்படுகிறது. மனிதர்கள் போட்ட விதியென்றால் மனிதர்களோடு சண்டை போடலாம். இயற்கை போட்ட விதி என்று சொல்லிவிட்டால் யாரோடு சண்டை போடுவது?

வரலாறு கற்பிப்பவள் என்பதால் எனக்கு ஒரு தொழில் வழக்கம் உண்டு. எப்போதும் இருந்ததுபோல் தோன்றும் எதற்கும் பிறந்த தேதி தேடுவேன். ‘இயற்கை’ என்ற கருத்தாக்கத்துக்கும் பிறப்பு உண்டு, வளர்ப்பு உண்டு, அதை வளர்த்தவர்களுக்கு நோக்கமும் உண்டு.

ஐரோப்பிய மொழிகளில் இந்தக் கருத்தின் வேர் கிரேக்கத்தின் ‘பியூசிஸ்’. முளைத்தல், வளர்தல் என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. ஹோமரின் காவியங்களில் ஒரே ஓர் இடத்தில், ஒடிசியின் பத்தாம் காண்டத்தில், வருகிறது. கிர்க்கே என்னும் மாயக்காரி ஒடிசியஸின் ஆட்களைப் பன்றிகளாக்கிவிடுகிறாள். அவளிடம் போகும் ஒடிசியஸுக்குக் காப்பாக ஹெர்மஸ் தேவன் ஒரு மூலிகையைப் பிடுங்கிக் கொடுத்து, அதன் பியூசிஸைக் காட்டுகிறான்: வேர் கறுப்பு, பூ பால்வெள்ளை. இதைப் பெரிய தத்துவமாக்க நான் விரும்பவில்லை. இருந்தாலும், அந்தச் சொல் நமக்குத் தெரிந்து முதன்முதலாகத் தலைகாட்டும் இடமே ஒரு பெண்ணின் வல்லமையிலிருந்து ஓர் ஆணைக் காப்பாற்றும் காட்சி என்பதைக் கவனிக்காமல் கடக்க முடியவில்லை.

லத்தீன்காரர்கள் அதை ‘நாச்சுரா’ என்று பெயர்த்தார்கள். ‘பிறத்தல்’ என்னும் வினையிலிருந்து வந்தது. பிறப்புறுப்புக்கும் லத்தீனில் இதே சொல் வழங்கியதுண்டு. ஆக, வளர்தல் என்ற பொருளில் தொடங்கிய கருத்து மொழி மாறும்போது பிரசவ அறைக்குள் நுழைந்துவிட்டது. அந்தச் சொல்லின் இலக்கணப் பாலும் பெண்பால். இயற்கையைத் ‘தாய்’ என்று ஐரோப்பா அழைத்ததற்கு இலக்கணமும் ஒரு காரணம்.

ஆனால் ‘இயற்கை’ தொடக்கத்திலேயே நமக்கு எதிரான சொல்லாக இருக்கவில்லை. பொ.மு. ஐந்தாம் நூற்றாண்டு ஏதென்ஸில் சோஃபிஸ்டுகள் என்னும் ஆசிரியர்கள் எது இயற்கை, எது மனிதர் ஏற்படுத்திய வழக்கம் என்று பிரித்துக் கேட்கத் தொடங்கினார்கள். அவர்களில் ஆன்டிஃபோன் சொன்னது: இயற்கையால் நாம் எல்லோரும் ஒன்றே, கிரேக்கரும் சரி, பிறரும் சரி, வாயாலும் மூக்காலும்தான் மூச்சு விடுகிறோம். இயற்கை என்ற சொல் அங்கே வழக்கத்தை உடைக்கும் கடப்பாரை. அடுத்த தலைமுறையில் பிளேட்டோ ‘குடியரசு’ நூலின் ஐந்தாம் பகுதியில், ஆணும் பெண்ணும் இயல்பில் வேறு, ஆகவே வேலையும் வேறாக இருக்க வேண்டும் என்ற வாதத்தைக் கேலி செய்தார். வழுக்கையரும் முடியுள்ளவரும் இயல்பில் வேறுதானே. அப்படியானால் வழுக்கையர் செருப்புத் தைத்தால் மற்றவர் தைக்கக் கூடாதா? நல்ல கேள்வி. இன்றும் பதில் வரவில்லை.

அரிஸ்டாட்டில் இந்தக் கடப்பாரையைப் பிடுங்கி மதிலில் கல்லாக வைத்துக் கட்டினார். ஒரு பொருளின் இயக்கத்துக்கும் ஓய்வுக்கும் அதனுள்ளேயே இருக்கும் காரணமே இயற்கை என்பது அவர் வரையறை. ஆலவிதை ஆலமரமாவது அதன் இயற்கை. வரையறை அழகாகத்தான் இருக்கிறது. அதை அவர் அரசியலுக்குக் கொண்டுபோனபோது, ஆள்வது ஆணின் இயற்கையாகவும் ஆளப்படுவது பெண்ணின் இயற்கையாகவும் ஆயிற்று. சிலர் இயற்கையிலேயே அடிமைகள் என்றும் எழுதினார். உயிர்களின் பிறப்பைப் பற்றிய நூலில் பெண் என்பவள் ஏதோ குறைபட்ட ஆண் போன்றவள். கருவுக்கு அவள் தருவது பொருள், வடிவம் தருவது ஆண். அரிஸ்டாட்டிலின் நூல்கள் பல்கலைக்கழகங்களில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தன. ஆன்டிஃபோனின் வாதம் எகிப்தின் ஒரு குப்பைமேட்டைத் தோண்டியபோது கிழிந்த பாப்பிரஸ் துண்டுகளாகக் கிடைத்தது. எந்த ‘இயற்கை’ நமக்கு வந்து சேர்ந்தது, எது குப்பைக்குப் போனது என்பதும் வரலாறுதான்.

இந்தியத் தத்துவத்தில் சாங்கியம் இதையே தலைகீழாகச் சொல்கிறது. அங்கே பிரகிருதி பெண். இயங்குவது, படைப்பது எல்லாம் அவள்தான். புருஷன் ஒன்றும் செய்வதில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் பார்ப்பதற்காக ஆடிவிட்டு மேடையை விட்டு இறங்கும் நடனக்காரியாகவே சாங்கியகாரிகை அவளை உருவகிக்கிறது. கிரேக்கத்தில் பெண் அசையாத பொருள், இங்கே அசையும் பொருள். எப்படிப் புரட்டினாலும் அறிவு மட்டும் அவள் பக்கம் விழவில்லை.

இனி நம் சொல்லுக்கு வருகிறேன். ‘இயற்கை’ என்பதும் ‘செயற்கை’ என்பதும் தொல்காப்பியத்தில் இணையாக வருகின்றன, அதுவும் காடு மலையைப் பற்றிய பேச்சில் அல்ல, சொல்லதிகாரத்தில், வாக்கியம் அமைப்பது எப்படி என்ற இடத்தில். இயற்கைப் பொருளை ‘இது இத்தன்மையது’ என்று சொல்லிவிடலாம்: நிலம் வலியது, நீர் குளிர்ந்தது. செயற்கைப் பொருளை அப்படிச் சொல்லக் கூடாது. ‘ஆனது’, ‘ஆயிற்று’ என்னும் ஆக்கச்சொல் சேர்க்க வேண்டும். அதுமட்டுமல்ல, எதனால் ஆனது என்ற காரணத்தை முன்னால் வைக்க வேண்டும். உரையாசிரியர்கள் வயலிலிருந்து எடுத்துக்காட்டு தருகிறார்கள். எரு இட்டு, களை எடுத்து, நீர் பாய்ச்சியதால் பயிர் நல்லதாயிற்று. அடுத்த நூற்பா ஒரு சலுகையும் தருகிறது. பேச்சு வழக்கில் காரணத்தைச் சொல்லாமல் விட்டாலும் குற்றமில்லை.

என் மாணவிகளுக்கு இந்த நூற்பாக்களை இலக்கணமாக அல்ல, வரலாற்று முறையியலாகவே சொல்லித் தருகிறேன். ‘பெண் மெல்லியள்’ என்பது ஒரு வாக்கியம். ‘ஓடவிடாமல், ஏறவிடாமல், வயிறார உண்ணவிடாமல் வளர்த்ததால் பெண் மெல்லியள் ஆனாள்’ என்பது இன்னொரு வாக்கியம். முதலில் காரணம் போகும், அதில் பெரிய குற்றமில்லை. பிறகு ‘ஆனாள்’ போகும். அது போனபின் மிஞ்சுவதுதான் இயற்கை. 1949-இல் சிமோன் தெ பொவார் ‘இரண்டாம் பாலினம்’ நூலில் செய்தது, உதிர்ந்துபோன அந்த ஆக்கச்சொல்லைத் திரும்ப வாக்கியத்தில் சேர்த்ததுதான்.

அதே தொல்காப்பியம் பொருளதிகாரத்தில் அச்சம், நாணம், மடம் மூன்றையும் எப்போதும் பெண்ணுக்கு உரியவை என்கிறது. ஆக்கச்சொல் இல்லை, காரணம் இல்லை. தன் இலக்கணத்தைத் தானே மறந்த இடம் இது என்பேன். பயிர்ப்பு அந்தப் பட்டியலில் கிடையாது. நாற்குணம் ஆக்குவதற்காக அது பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. மலைக்கும் கடலுக்கும் நடுவில் புதிதாக இயற்கை ஒன்று முளைப்பதில்லை, பெண்ணுக்கு மட்டும் முளைத்திருக்கிறது.

ஐரோப்பாவின் அறிவியல் புரட்சிக் காலத்தைப் பற்றிப் பெண்ணிய எழுத்தில் நிறையவே வந்துவிட்டது. கரோலின் மெர்ச்சன்ட் 1980-இல் வெளியிட்ட ‘இயற்கையின் மரணம்’ அதில் முன்னோடி. உயிருள்ள தாயாக இருந்த இயற்கை 17ஆம் நூற்றாண்டில் உயிரற்ற இயந்திரமாக எண்ணப்பட்டதையும், சுரங்கமும் சந்தையும் வளர அது உதவியதையும் அவர் காட்டினார். ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். இயற்கையைச் சித்திரவதைப் பலகையில் கட்டி உண்மையைக் கறக்க வேண்டும் என்று பிரான்சிஸ் பேக்கன் எழுதியதாக ஒரு மேற்கோள் நம் கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்படுகிறது. அப்படி ஒரு வாக்கியத்தை அவர் எழுதவில்லை. இயற்கையை அவள் பிள்ளைகளோடு பிடித்துவந்து உனக்கு அடிமையாக்கித் தருகிறேன் என்று இளைஞன் ஒருவனுக்கு வாக்குக் கொடுக்கும் குறிப்பு அவருடையதுதான், அதுவே போதும். பொய் மேற்கோள் நமக்கு எதற்கு? அதே நூற்றாண்டில் வேதியியலாளர் ராபர்ட் பாயில் 1686-இல் ஒரு நூல் எழுதி, இந்தச் சொல்லுக்கு எட்டுப் பொருள்கள் இருப்பதாகப் பட்டியலிட்டு, இயற்கை என்ற ஒருத்தி இருப்பதுபோல் பேசுவதை நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். யாரும் கேட்கவில்லை.

என்னை அதிகம் கவர்ந்த கதை 18ஆம் நூற்றாண்டில் நடந்தது. ‘பாலூட்டி’ என்ற சொல்லை நாம் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். யானை பாலூட்டி, திமிங்கிலம் பாலூட்டி, மனிதன் பாலூட்டி. ஆண் சிங்கமும் பாலூட்டிதான்! இந்தப் பெயரின் மூலம் கார்ல் லின்னேயஸ் என்னும் ஸ்வீடன் மருத்துவர் 1758-இல், தம் ‘சிஸ்டமா நாச்சுரே’ நூலின் பத்தாம் பதிப்பில், உருவாக்கிய ‘மம்மாலியா’. அதற்கு முன் அவரே அவற்றை ‘நாற்காலிகள்’ என்றுதான் அழைத்தார்; நாம் உட்காரும் நாற்காலி அல்ல, நான்கு கால் விலங்குகள். அந்தப் பெயரில் திமிங்கிலம் அடங்கவில்லை, மனிதனை அடக்குவதற்கு எதிர்ப்பும் இருந்தது. பெயரை மாற்ற வேண்டிய தேவை உண்மையானது. ஆனால் ‘மம்மா’ என்றால் முலை. இந்த விலங்குகள் எல்லாவற்றுக்கும் உடலில் மயிர் உண்டு, நடுச்செவியில் மூன்று சிற்றெலும்புகள் உண்டு. இவற்றுள் எதைக் கொண்டு பெயரிட்டிருந்தாலும் ஆணும் பெண்ணும் சமமாக அதில் அடங்கியிருப்பார்கள். பாதிப் பேரிடம் மட்டும், அதுவும் சில காலம் மட்டும் வேலை செய்யும் உறுப்பை ஏன் தேர்ந்தெடுத்தார்?

வரலாற்றாசிரியர் லோண்டா ஷீபிங்கர் 1993-இல் எழுதிய கட்டுரை இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. 1752-இல், அதாவது பெயரிடுவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், லின்னேயஸ் கூலிக்குப் பாலூட்டும் செவிலியரை எதிர்த்து ஒரு நூல் வெளியிட்டிருந்தார். தாயே பாலூட்டாவிட்டால் அது இயற்கையின் விதியை மீறுவது. பெண் சிங்கமும் புலியும் திமிங்கிலமும்கூடத் தம் குட்டிகளுக்குத் தாமே பால் கொடுக்கின்றன. கீழ்நிலைப் பெண்ணின் பாலோடு அவள் குணமும் குழந்தைக்கு இறங்கும் என்பவை அதன் வாதங்கள். அன்று ஐரோப்பிய நகரங்களில் செவிலியர் வழக்கம் பரவலாக இருந்தது. 1780-இல் பாரிஸ் காவல்துறைத் தலைவராக இருந்த லெனுவார் போட்ட கணக்கில், ஆண்டுக்குப் பிறக்கும் ஏறத்தாழ 21,000 குழந்தைகளில் பெற்றவளிடமே பால் குடித்தவை 1,000. இன்னொரு 1,000 குழந்தைகளுக்கு வீட்டிலேயே செவிலி. மீதி எல்லாம் புறநகருக்கும் கிராமத்துக்கும் அனுப்பப்பட்டன. அங்கே ஏராளமான குழந்தைகள் இறந்தன. ஆகவே லின்னேயஸின் கவலையைப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் பட்டு நெசவாளியும் கடைக்காரியும் ஏன் குழந்தையை அனுப்பினார்கள் என்பதை அவர் கேட்கவில்லை. அவர்கள் கை ஓய்ந்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது. காரணம் போனது, இயற்கை வந்தது.

நம் அகப்பாடல்களில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தலைவி உடன்போனபின் தேடிக்கொண்டு பாலைவழியில் நடப்பவள் பெரும்பாலும் செவிலிதான். அவளை இயற்கைக்கு மாறானவள் என்று எந்தப் புலவரும் சொல்லவில்லை.

லின்னேயஸின் அதே பத்தாம் பதிப்பில் இன்னொரு பெயரும் பிறந்தது: ‘ஹோமோ சேப்பியன்ஸ்’, அறிவுடைய மனிதன். விலங்குகளோடு நம்மைச் சேர்த்துக் கட்டும் கயிறு பெண்ணின் முலை. விலங்குகளிடமிருந்து நம்மைப் பிரிக்கும் கோடு, அன்றைய கணக்கில் ஆணுக்கே உரியதாகக் கருதப்பட்ட அறிவு. இரண்டு பெயர்களையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்கிறார் ஷீபிங்கர். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

1762-இல் ரூசோவின் ‘எமில்’ வந்தது. தாய்மார்கள் தம் குழந்தைகளுக்குத் தாமே பாலூட்டத் தொடங்கினால் நாட்டின் ஒழுக்கமே சீராகும் என்றது அந்த நூல். இதை எழுதியவர் தமக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் அநாதை இல்லத்தில் விட்டவர். தெரேஸ் லெவாஸர் என்னும் அந்தத் தாயின் இயற்கை என்ன சொன்னது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. 30 ஆண்டுகள் கழித்து மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் அவருக்குப் பதில் எழுதினார். சிறுமிகள் பொம்மையும் அலங்காரமும் விரும்புவது அவர்கள் இயல்பு என்றார் ரூசோ. அவர்களை வீட்டுக்குள் அடைத்து வேறொன்றும் தராததன் விளைவு என்றார் மேரி. ஆனால் தாயே பாலூட்ட வேண்டும் என்பதில் அவர் ரூசோவின் பக்கம்தான். இதை மறைத்து அவரை நம் காலத்துப் பெண்ணாக்க வேண்டியதில்லை. 1797-இல் பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் 38 வயதில் அவர் இறந்தார்.

இந்த வாதங்கள் எல்லாம் தெருவில் இறங்கிய ஆண்டு 1793. ஜூன் மாதம் பிரெஞ்சுத் தேசிய மாமன்றம், குழந்தைக்குத் தானே பாலூட்டும் ஏழைத் தாய்க்கே அரசு உதவி என்று முடிவுசெய்தது. ஆகஸ்ட் 10 அன்று இடிக்கப்பட்ட பாஸ்டில் சிறையின் இடத்தில் பெருவிழா. எகிப்தியத் தெய்வம் ஐசிஸ் உருவில் இயற்கையின் பெருஞ்சிலை ஒன்றை நிறுவினார்கள். அவள் இரு கைகளாலும் மார்பை அழுத்திப் பிடித்திருக்க, முலைகளிலிருந்து நீர் கொட்டியது. மாமன்றத் தலைவர் எரோ தெ செஷெல் ஒரு கிண்ணத்தில் அதைப் பிடித்துக் குடித்தார். அவரைத் தொடர்ந்து, நாட்டின் மாவட்டங்களுக்குப் பிரதிநிதிகளாக 86 முதியவர்கள் ஒவ்வொருவராக வந்து குடித்தார்கள். 86 பேரும் ஆண்கள்.

அந்த விழாவுக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 30 அன்று அதே மாமன்றம் பெண்களின் அரசியல் சங்கங்களைத் தடைசெய்தது. பெண்ணின் உடலும் மனமும் அரசியலுக்கு ஏற்றவை அல்ல, இயற்கை அவளுக்கு வேறு வேலை வைத்திருக்கிறது என்பதே அறிக்கையின் சாரம். நவம்பர் 3 அன்று, பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதிய ஒலிம்ப் தெ கூஜின் தலை வெட்டப்பட்டது. அவர் மீதான வழக்கு வேறு, முடியாட்சியை ஆதரித்தார் என்பது. ஆனால் இரண்டு வாரம் கழித்து, சிவப்புத் தொப்பி அணிந்து பாரிஸ் நகர மன்றத்துக்கு வந்த பெண்களிடம் ஷொமெத் என்னும் அதிகாரி அவரையே எச்சரிக்கையாகக் காட்டினார். இயற்கை குழந்தைக்குப் பாலூட்ட எங்களுக்கா முலை கொடுத்தது என்று அவர் கேட்டார். பெண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். சங்கத்தில் பேசக் கூடாதவள், சிலையாக நின்றால் குடியரசுக்கே தாய். ஓர் ஆண்டு முடிவதற்குள் எரோவும் ஷொமெத்தும் அதே கில்லட்டினுக்குப் போனார்கள். சங்கங்கள் மீதான தடை அவர்களோடு போகவில்லை.

அதற்குப் பின் நடந்தவை பெரும்பாலும் இதே நாடகத்தின் மறுமேடையேற்றங்கள். 1873-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மைரா பிராட்வெல் வழக்கறிஞராகக் கூடாது என்ற இலினாய் மாநில முடிவை உறுதிசெய்தது. உடன்பட்டுத் தனியே எழுதிய நீதிபதி பிராட்லி, பெண்ணுக்கு இயற்கையாகவே உள்ள அச்சத்தையும் மென்மையையும் காரணமாகக் காட்டினார். அச்சம், நாணம்! தொல்காப்பியத்தை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை. நம் தண்டனைச் சட்டத்துக்குள் 1860-இல் ‘இயற்கையின் ஒழுங்குக்கு மாறான’ உறவு என்ற சொற்களோடு நுழைந்த 377ஆம் பிரிவிலிருந்து, வயது வந்தோர் தம் விருப்பத்தோடு கொள்ளும் உறவை உச்ச நீதிமன்றம் விடுவிக்க 2018 செப்டம்பர் 6 வரை ஆயிற்று. அந்த ஒழுங்கு எது என்று சட்டம் எங்கும் விளக்கவில்லை. 1869-இல் ஜான் ஸ்டூவர்ட் மில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்: இயற்கைக்கு மாறானது என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் வழக்கத்தில் இல்லாததைத்தான்.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “அப்ப மாதவிலக்கு, பிரசவ வலி எல்லாம் கட்டுக்கதையா மேடம்?” இல்லை. உடல் இருக்கிறது, வலி இருக்கிறது, பால் சுரப்பதும் இருக்கிறது. இன்றைக்குக் குழந்தைக்குத் தாய்ப்பால் நல்லது என்று மருத்துவம் சொல்வதை நான் மறுக்கவில்லை. பால் சுரப்பதிலிருந்து, ஆகவே அவள் சங்கத்தில் பேசக் கூடாது என்ற இடத்துக்கு எந்த வழியாகப் போனார்கள் என்பதுதான் என் கேள்வி. அந்த வழியில் ஒவ்வொரு கல்லையும் யாரோ ஒருவர் கொண்டுவந்து போட்டிருக்கிறார். பெயரும் தேதியும் கிடைக்கின்றன.

லின்னேயஸ் 1778-இல் இறந்தார். 1799-இல் லண்டனில் ஜார்ஜ் ஷா ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு விலங்கின் உலர்ந்த தோலை விவரித்தார். வாத்தின் அலகு, நீர்நாயின் மயிர். யாரோ தைத்துச் சேர்த்த மோசடியோ என்று அவருக்கே ஐயம். அதுதான் பிளாட்டிபஸ். அதற்கு முலைக்காம்பு இல்லை. தோலில் கசியும் பாலைக் குட்டிகள் நக்கிக் குடிக்கும். அதன் பால்சுரப்பிகளை 1826-இல் மெக்கெல் என்னும் ஜெர்மானியர் விவரித்தபின்னும், அது மம்மாலியாவா இல்லையா என்ற சண்டை நிற்கவில்லை. முட்டையிடுமா, குட்டி போடுமா என்ற கேள்வி 1884-இல்தான் தீர்ந்தது. வில்லியம் கால்டுவெல் என்னும் இளைஞர் ஆஸ்திரேலிய ஆதிக்குடிகளைக் கூலிக்கு அமர்த்தித் தேடி, முட்டையைக் கண்டு தந்தி அடித்தார். அது முட்டையிடும் என்று அந்த மக்கள் பல பத்தாண்டுகளாகவே ஐரோப்பியரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.